பழைய லேண்டிங் நெட்டுக்கு வீட்டிலேயே ரப்பர் பூசலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: கையில் ஒரு சாதாரண நைலான் லேண்டிங் நெட், அதாவது தூண்டிலில் மாட்டிய மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்கும் கைவலை, இருக்கிறது. கொடுவா மீனுக்குப் போடும் லூரின், அதாவது செயற்கை இரையின், மூன்று கொக்கியுள்ள ட்ரெபிள் முள் ஒவ்வொரு முறையும் அதில் சிக்கிக்கொள்கிறது, பிரித்தெடுப்பதற்குள் பொழுது போய்விடுகிறது, சில நேரம் கண்ணியையே அறுக்க வேண்டியிருக்கிறது. ரப்பர் வலை விலை கட்டுப்படியாகவில்லை. ரப்பர் திரவம் ஏதாவது வாங்கி இதையே முக்கி எடுத்தால் அதே பலன் கிடைக்குமா? போகிற போக்கில், திருப்பி விடும் மீனுக்கும் அது நல்லதுதானே என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முள் சிக்காமல் இருப்பது ஒன்று, மீன் காயப்படாமல் இருப்பது மற்றொன்று. முதலாவதற்குப் பூச்சு நன்றாகவே உதவும். இரண்டாவதற்கு, உங்கள் வலை எப்படிப் பின்னியது என்று பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பல வலைகளைப் பார்த்தால் ‘பூச வேண்டாம், பையை மாற்றுங்கள்’ என்றுதான் சொல்வேன்.

நான் குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலில் முக்கிச் செய்யும் பொருட்களின் தொழிலில், பெரும்பாலும் கையுறையில், பல வருடம் இருந்தவன். தூண்டில் எனக்கு ஓய்வுநாள் பழக்கம். ஆகவே பூச்சைப் பற்றிச் சொல்வதைத் தொழில்காரன் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். மீனின் உடம்பைப் பற்றிச் சொல்வது படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டது மட்டுமே.

முள் ஏன் சிக்குகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மலிவான வலையின் நூல் ஒற்றை இழை அல்ல, தலைமுடியை விட மெல்லிய பல இழைகளை முறுக்கிச் செய்தது. முள்ளின் நுனி அந்த இழைகளுக்கு நடுவே புகுந்துவிடுகிறது, பின்னால் இருக்கும் எதிர்முள் அதை வெளியே வர விடுவதில்லை. நூல் துவண்டு போகக்கூடியது என்பதால், மீன் ஒரு துள்ளு துள்ளினால் முள்ளைச் சுற்றியும் கொள்கிறது. கெளுத்தியின் பக்க முள் ரம்பம் போல இருப்பதால் அதுவும் இதே விதமாகத்தான் மாட்டுகிறது. பூச்சு இரண்டு வேலை செய்கிறது. இழைகளுக்கு இடையே இருக்கும் வெளியை அடைக்கிறது, நூலைச் சற்று விறைப்பாக்குகிறது. முள் கண்ணியில் தொங்கினாலும் நூலுக்குள் நுழைய வழியில்லாததால் ஒரு திருப்பில் கழன்றுவிடும். கூடவே நூல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்வது குறையும், உதறினால் வடிந்துவிடும், வண்டியில் மீன் வாடையும் அவ்வளவாகத் தங்காது. இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஒற்றை இழையான நரம்பில் பின்னிய வலை என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது. அதில் அடைப்பதற்கு இடைவெளியும் இல்லை, வழுவழுப்பான பரப்பில் பூச்சும் நிற்காது.

இனி மீன். மீனின் மேலிருக்கும் வழவழப்பு அதன் முதல் காப்பு. அது வழிக்கப்பட்ட இடத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறும், நாம் விட்டுவிட்டு வந்த சில நாள் கழித்து அது சாகலாம், நமக்குத் தெரியவும் தெரியாது. 2003-இல் வெளிவந்த ஒரு வட அமெரிக்க ஆய்வில் புளூகில் என்னும் சிறு நன்னீர் மீனை நான்கு வகை வலையில் எடுத்து ஏழு நாள் வைத்துப் பார்த்தார்கள்: ரப்பர், முடிச்சில்லாத நைலான், சிறிய கண் உள்ள முடிச்சு நைலான், பெரிய கண் உள்ள முடிச்சு நைலான். வலையே இல்லாமல் எடுத்த மீன்களில் ஒன்றும் சாகவில்லை. வலையில் எடுத்தவற்றில் வகையைப் பொறுத்து 4 முதல் 14 சதவீதம் வரை செத்தன. ரப்பரையும் முடிச்சில்லாததையும் விட, முடிச்சு வலைகளில்தான் துடுப்புக் கிழிசலும் தோல் சேதமும் சாவும் அதிகம். இதில் நான் கவனிப்பது இரண்டு. எந்த வலையாக இருந்தாலும் மீனுக்கு ஏதோ ஒரு விலை உண்டு. அடுத்தது, வில்லன் நைலான் அல்ல, முடிச்சு. நீங்கள் எவ்வளவு ரப்பர் பூசினாலும் முடிச்சு அங்கேயேதான் இருக்கும், கொஞ்சம் பருத்து, மேலே ஒரு உறை போட்டுக்கொண்டு. அதன் கூர்மை சிறிது மழுங்கலாம். அதற்கு மேல் நம்ப எனக்கு ஆதாரம் இல்லை. அந்த ஆய்வில் வீட்டில் பூசிய வலை எதையும் சோதிக்கவில்லை, ஆகவே ‘ரப்பர் வலை நல்லது என்று ஆய்வே சொல்கிறது’ என்று யாராவது உங்கள் பக்கெட்டுக்கும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். கடையில் கிடைக்கும் முழு ரப்பர் வலை அச்சில் ஒரே துண்டாக வார்த்தது. அதில் முடிச்சும் கிடையாது, நூலும் கிடையாது. அதை வீட்டில் செய்ய முடியாது.

ஆகவே முதலில் வலையை விரித்து விரலால் தடவிப் பாருங்கள். கண்ணிகள் சந்திக்கும் இடத்தில் உருண்டை தட்டுப்பட்டால் முடிச்சு வலை. தட்டையாகப் பின்னலாக ஓடினால் முடிச்சில்லாதது. முடிச்சு வலையாக இருந்து, விராலையோ கொடுவாவையோ திருப்பி விடுவதுதான் உங்கள் வழக்கம் என்றால், சட்டத்தையும் கைப்பிடியையும் வைத்துக்கொண்டு முடிச்சில்லாத பை மட்டும் வாங்கி மாட்டுங்கள். பை தனியாக விற்கிறது, பூச்சுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் பெரிய வித்தியாசம் வராது. வேண்டுமானால் அந்தப் புதுப் பையில் பூசிக்கொள்ளலாம். ஜிலேபி மீன் பிடித்துக் குழம்புக்குக் கொண்டு போகிறவர் என்றால் முடிச்சைப் பற்றிக் கவலையே வேண்டாம், இருக்கும் வலையில் பூசுங்கள். விரால் வெளிக்காற்றையும் சுவாசிக்கும், கரையில் வெகுநேரம் கிடந்தும் துடிப்பாகவே இருக்கும். அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறவர்கள் நிறைய. மூச்சு இருப்பது வேறு, வழவழப்பு போனது வேறு.

அடுத்து நூல் எதனால் ஆனது என்று பாருங்கள். பூச்சு நிற்பதும் உரிவதும் பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. ஓரத்தில் ஒரு சிறு துண்டு வெட்டி, சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காற்றுக் குமிழை எல்லாம் வெளியேற்றிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் நைலானோ பாலியெஸ்டரோ. மிதந்தால் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். மிதக்கும் வகையில் எந்த ரப்பரும் ஒழுங்காகப் பிடிக்காது, சில நாளில் தோல் உரிவது போல உரிந்து ஏரியில்தான் போய்ச் சேரும். அந்த வலையில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

என்ன பூசுவது என்பதில் முதலில் வேண்டாதவற்றைத் தள்ளிவிடுகிறேன். பஞ்சர் சொல்யூஷன், செருப்புக்கு ஒட்டும் மஞ்சள் பசை இரண்டும் ரப்பர்தான், ஆனால் ஒட்டுவதற்காகவே செய்தவை. வெயில் பட்டதும் பிசுபிசுக்கும், மணலும் பாசியும் அதில் அப்பிக்கொள்ளும். எங்கள் பக்கத்து நண்பர்கள் தோட்டத்தில் ஒரு பாட்டில் பால் வாங்கி முக்கினால் என்ன என்று கேட்பார்கள். மரத்திலிருந்து இறக்கிய பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர், மற்றது பெரும்பாலும் தண்ணீர். அமோனியா சேர்க்காவிட்டால் அன்றைக்கே திரியத் தொடங்கும். அதை விடப் பெரிய சிக்கல், அது கந்தகம் சேர்த்துப் பக்குவப்படுத்தாத ரப்பர். காய்ந்தாலும் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். தொழிற்சாலையில் வலைக்குப் போடும் பிவிசி பிளாஸ்டிக் பூச்சை வீட்டில் செய்யலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தக் குழம்பு இறுக 170 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நைலான் 6 உருகுவது 220 டிகிரி பக்கம். வீட்டு அடுப்பில் அந்த இடைவெளியைக் காப்பது முடியாத காரியம்.

கார் சக்கரத்துக்கு அடிக்கும் பிளாஸ்டி டிப் வகைத் திரவத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். முக்கி எடுக்கும் டப்பாவாகக் கிடைத்தால் வேலை சுலபம், நூலைச் சுற்றிச் சீராகப் பிடிக்கும். ஸ்பிரேயில் வாங்கினால் முக்கால்வாசி கண்ணி ஓட்டைகள் வழியே காற்றில் போய்விடும், மிச்சமும் ஒரு பக்கத்தில்தான் படியும். பிறகு வேண்டாமென்றால் உரித்து எடுத்துவிடலாம் என்பதே அதன் பெருமை என்பதையும் மறக்க வேண்டாம். நூலைச் சுற்றி மூடியிருப்பதால் உடனே உரியாது. ஆனால் முள் கீறிய இடத்திலிருந்து கிழியத் தொடங்கும். அதிலுள்ள கரைப்பான் எளிதில் தீப்பிடிக்கக்கூடியது, மூடிய அறையில் தலைசுற்ற வைக்கும்.

என்னைக் கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு சிலிக்கோன்தான் சொல்வேன். ரப்பர்க்காரன் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை, இருந்தாலும் வெயிலில் அதற்கு ஈடு கிடையாது. இயற்கை ரப்பரை வெயிலும் ஓசோனும் வெடிக்க வைக்கும், அதிலும் இழுபட்டோ மடங்கியோ இருக்கும் இடத்தில் முதலில். சிலிக்கோனை அவை அவ்வளவு சுலபத்தில் தொட முடியாது. மீன்தொட்டிக்கு என்று விற்கும் நூறு சதவீத சிலிக்கோன் குழல் ஒன்று வாங்குங்கள். குளியலறைக்கு என்று, பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருப்பதை வாங்கவே கூடாது. பூஞ்சையைக் கொல்லச் சேர்த்த மருந்து மீனுக்கும் ஆகாது, மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் சிலிக்கோனோடு, அளவில் அதற்குச் சமமாகத் தொடங்கி இரண்டு மடங்கு வரை மினரல் டர்பன்டைனைச் சிறிது சிறிதாக விட்டுக் கலக்குங்கள். பெயிண்ட் கடையில் கேட்டால் தருவார்கள். தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்த்திருந்தால் சரி. காற்றிலுள்ள ஈரத்தால்தான் இது இறுகுகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஈரத்தில் எதிர்பார்ப்பதை விடச் சீக்கிரம் கெட்டியாகும், ஆகவே கலக்கியதும் வேலையை முடித்துவிட வேண்டும். கையுறை போட்டு, வலையை அதில் பிசைந்து, இழைக்குள் இறங்கும்படி கசக்கிப் பிழிந்து எடுங்கள். வெறுமனே மேலே தடவினால் நிற்காது. சிலிக்கோனுக்கு நைலானோடு பெரிய ஒட்டுறவு இல்லை, இழைகளுக்குள் புகுந்து இறுகிக்கொள்வதே அதன் பிடி. வினிகர் வாசம் வரும் வகை இறுகும்போது அசெட்டிக் அமிலத்தை விடும், அது உலோகத்தை அரிக்கும், அதனால் பையைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டே செய்யுங்கள். வாசம் முழுதும் போகும் வரை, சில நாளாவது, திறந்தவெளியில் தொங்கட்டும். டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் மொட்டை மாடி நல்லது, பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம். ஒன்றை மட்டும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்: சிலிக்கோன் பூசிய வலையில் பின்னாளில் வேறு எந்தப் பூச்சும் ஒட்டாது, சிலிக்கோன் மேல் சிலிக்கோன்தான்.

தொட்டால் மிருதுவாக, இழுத்தால் நீளும்படி வேண்டும் என்பவர்களுக்கு ரப்பர் பால் வழி இருக்கிறது. அச்சு எடுக்கும் கைவினைக் கடைகளில் பக்குவப்படுத்திய லேடெக்ஸ், அதாவது ரப்பர் பால், கிடைக்கும், அதில் ரப்பர் 60 சதவீதம் அளவுக்கு இருக்கும். இதை நேரடியாக வலையில் முக்கினால் பால் நூலில் நிற்காமல் கீழே வழியும், அடிப்பக்கக் கண்ணிகள் எல்லாம் படலம் கட்டி அடைத்துக்கொள்ளும். கையுறைத் தொழிலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்கி, பிறகுதான் பாலில் இறக்குவோம். கால்சியம் பட்ட இடத்தில் பால் உடனே உறைந்து பிடித்துக்கொள்ளும். கால்சியம் நைட்ரேட் உரக்கடையிலேயே கிடைக்கிறது, சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விடுவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் போதும். கரைசல் நூலில் பரவ ஐசோபுரோபைல் ஆல்கஹால் சிறிது சேர்க்கலாம். சோப்பு சேர்க்காதீர்கள், கால்சியத்தோடு சேர்ந்து திரிதிரியாகிவிடும்.

வேலை முறை இப்படி. வலையைப் பாத்திரம் கழுவும் திரவத்தில் நன்றாக ஊறவைத்துத் துவைத்து, மீன் எண்ணெயும் ஆலையில் பூசிய மெழுகும் போகும்வரை அலசிக் காயவிடுங்கள். பையின் வாயை ஒரு வளையத்தில் கட்டி, அடியில் சிறு கல் ஒன்றைத் தொங்கவிட்டால் கண்ணிகள் திறந்தே இருக்கும். கால்சியம் கரைசலில் முக்கி, வடியவிட்டு, ஈரம் மேலாக உலர்ந்ததும் பாலில் மெதுவாக இறக்கி, பத்துப் பதினைந்து நொடியில் மெதுவாகத் தூக்குங்கள். அவசரப்பட்டால் குமிழ் விழும், குமிழ் உடைந்த இடம் ஓட்டை. பாலை முன்பே மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் சேர்த்து இளக்க வேண்டியிருந்தால் ஆர்ஓ தண்ணீரோ பேட்டரித் தண்ணீரோ சேருங்கள். போர்வெல் தண்ணீரில் இருக்கும் உப்பே பாலைத் திரித்துவிடும். செம்பு, பித்தளைப் பாத்திரம் கிட்டேயே வரக்கூடாது. செம்பு இயற்கை ரப்பரின் எமன், சிறிதளவு கலந்தாலும் நாளாக ஆகப் பிசுபிசுத்துச் சிதைந்துபோகும். பிளாஸ்டிக் பக்கெட் போதும், அகலமாக இல்லாமல் ஒடுங்கியும் ஆழமாகவும் இருந்தால் பால் மிச்சம். கண்ணியில் படலம் கட்டியிருந்தால் ஈரமாக இருக்கும்போதே ஒரு ஸ்ட்ராவால் ஊதி உடைத்துவிடுங்கள், காய்ந்த பிறகு கத்தரிக்க வேண்டியிருக்கும்.

பால் உறைந்ததும் உடனே காயவிடக் கூடாது. இந்தப் படியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, இடையில் இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றுங்கள். கால்சியம் நைட்ரேட்டும், அமோனியாவும், பாலிலுள்ள புரதத்தில் ஒரு பகுதியும் அதில் இறங்கிவிடும். சிலருக்கு ஒவ்வாமை தருவது அந்தப் புரதம். வீட்டில் யாருக்காவது ரப்பர் ஒவ்வாமை இருந்தால் இந்த வழியே வேண்டாம். பிறகு நிழலில் தொங்கவிடுங்கள். ஈரமாக இருக்கும்வரை வெள்ளையாகத் தெரியும், காயக் காயத் தேன் நிறத்துக்கு மாறும். எங்கேயாவது வெள்ளைத் திட்டு மிச்சமிருந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். முழுதும் காய்ந்ததும் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவித் தேய்த்தால் ஒட்டும் தன்மை போய்விடும். பெட்ரோல், இன்ஜின் ஆயில், கிரீஸ் எதுவும் படக்கூடாது, ஊதிப்போகும். படகில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை நாள் வரும் என்று கேட்பீர்கள். நிழலில் வைத்து, நல்ல தண்ணீரில் அலசி, மடிக்காமல் தொங்கவிட்டால் லேடெக்ஸ் ஒரு பருவம் தாங்கும் என்பது என் ஊகம், உத்தரவாதம் அல்ல. வண்டியின் பின்னால் வெயிலில் கட்டிக்கொண்டு திரிந்தால் கோடையிலேயே வெடிப்பு தெரியும். சிலிக்கோன் அதை விடக் கூடுதல் காலம் நிற்கும். எது பூசினாலும் உதிரத் தொடங்கிய அன்றே அந்தப் பையைக் கழற்றிவிடுங்கள், துண்டு துண்டாக ஏரியில் கரைக்க வேண்டாம். பூசிய வலை கனக்கும், கண்ணியும் சற்றுச் சிறுக்கும், ஓடும் தண்ணீரில் இழுவை கூடும். கண் ஏற்கெனவே பொடியாக இருக்கும் வலையில் பூசினால் கழிமுக நீரோட்டத்தில் அதை ஒரு கையால் திருப்புவதே பாடு.

செலவே இல்லாத ஒன்றும் இருக்கிறது. மலிவு வலைகளின் பை தேவைக்கு மேல் ஆழமாக இருக்கும். மீன் அடியில் போய்ச் சுருண்டு, லூரோடு சேர்ந்து உருளுவதால்தான் பாதிச் சிக்கல். பையின் அடியைச் சேர்த்துக் கட்டி ஆழத்தைக் குறைத்து, கூடுமானவரை தட்டையாக்குங்கள். ட்ரெபிளின் எதிர்முள்ளை இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். மீனை எடுக்குமுன் வலையை நனையுங்கள், வலைக்குள் வந்த மீனைத் தூக்காமல் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். இவற்றையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, அப்போதும் முள் சிக்கினால் பூச்சுக்கு வாருங்கள். அப்போதும் முழு வலையில் இறங்காதீர்கள். ஓரத்தில் நாலைந்து கண்ணியை மட்டும் பூசி, காய்ந்ததும் நீங்கள் போடும் அதே லூரை அதில் குத்தி இழுத்துப் பாருங்கள். நகத்தால் கீறியும் பாருங்கள். உரிந்து வந்தால் உங்கள் நூலுக்கு அந்தப் பூச்சு சரிவராது.

மிஞ்சிய லேடெக்ஸைச் சிங்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் உறைந்தால் பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வைத்தால் கிழிந்த இடங்களைத் தொட்டுச் சரிசெய்ய உதவும். கெட்டுப்போனதென்றால் அதில் கொஞ்சம் வினிகர் விடுங்கள். தோட்டத்தில் ஆசிட் விட்டு ரப்பர் ஷீட்டுக்குப் பாலை உறைய வைப்பது போலத் திரண்டு கட்டியாகும், எடுத்துக் குப்பையில் போட்டுவிடலாம்.